ஜெர்மனியில் வாடகை வீடு: புதிதாக வருகிறவர்களுக்கு

ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, நல்ல வீடு எப்படிக் கிடைக்கும் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: நீங்கள் வந்து இறங்கப்போகிற இடத்தில் முகவரிப் பதிவு செய்ய முடியுமா? அது சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரும். அமையாவிட்டால், கையில் வேலை இருந்தும் மாதக்கணக்கில் அல்லாட வேண்டியிருக்கும்.

ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் நிர்வாக அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். பதிவு செய்த பிறகுதான் வருமான வரி எண் தபாலில் வரும். அந்த எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் வரியைக் கூடுதலாகப் பிடிக்க வாய்ப்புண்டு. வங்கிக் கணக்கு தொடங்கப் போனாலும், விசாவைக் குடியிருப்பு அனுமதியாக மாற்றப் போனாலும் இந்தப் பதிவுச் சான்றைத்தான் கேட்பார்கள். எந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகம் உங்களைக் கவனிக்கும் என்பதைக்கூட உங்கள் முகவரிதான் தீர்மானிக்கிறது.

முதல் வேலை: தற்காலிக இடம்

வெளிநாட்டில் இருந்துகொண்டே நிரந்தர வீடு பிடிக்கப் பார்க்காதீர்கள். வீட்டுக்காரர்கள் ஆளை நேரில் பார்க்காமல் பெரும்பாலும் தரமாட்டார்கள். தருகிறேன் என்பவர்களில் மோசடிக்காரர்களும் கலந்திருப்பார்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு தற்காலிக இடம் போதும். அறைகலன்களோடு வாடகைக்கு விடப்படும் சிறிய ஃபிளாட், பலர் சேர்ந்து வாழும் வேகே எனப்படும் பங்கு வீட்டில் ஓர் அறை, வெளியூர் போயிருக்கும் ஒருவரின் வீட்டை அந்தச் சில மாதங்களுக்கு எடுத்துக்கொள்ளும் ஸ்விஷன்மீட்டே, இப்படிப் பல வழிகள் உண்டு. மாணவர்கள், சேர்க்கை உறுதியான அன்றே ஷ்டுடீரெண்டன்வெர்க் எனப்படும் மாணவர் சேவை அமைப்பின் விடுதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். வேலைக்கு வருகிறவர்கள், முதல் சில மாதங்களுக்கு இடம் தருவீர்களா என்று நிறுவனத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால் கொடுக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, தாமாகச் சொல்வதுதான் அரிது.

எந்த இடமானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: "இங்கே அன்மெல்டுங் செய்ய முடியுமா? வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் தருவீர்களா?" உச்சரிக்கக் கஷ்டமான இந்தச் சொல், நீங்கள் இங்கே குடியேறிவிட்டீர்கள் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு பக்கக் கடிதத்தைக் குறிக்கிறது. இது இல்லாமல் பதிவு நடக்காது. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணத்துக்கு வெறும் முகவரி மட்டும் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிப் போய்விடுங்கள். குடியிருக்காத வீட்டை முகவரியாகப் பதிவு செய்யக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

வேறொருவர் எடுத்திருக்கும் வீட்டில் உள்வாடகைக்குப் போகிறீர்கள் என்றால், அதற்கு வீட்டுக்காரர் அனுமதி கொடுத்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத உள்வாடகையில் பிரச்சினை வந்தால் முதலில் தெருவுக்கு வருவது நீங்கள்தான்.

காகிதக் கட்டு

நல்ல இடத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும். வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் பேசிப் பார்த்து முடிவெடுப்பதில்லை. காகிதங்கள் முழுதாக, ஒரே பிடிஎஃப் கோப்பாக, ஒழுங்காக இருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவார். ஆகவே வீடு தேடத் தொடங்கும் முன்பே இதைத் தயார் செய்துவிடுங்கள்.

அதில் இருக்க வேண்டியவை: வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, உங்களைப் பற்றிய விவரங்களை நிரப்பிய ஸெல்ப்ஸ்ட்அவுஸ்குன்ஃப்ட் படிவம், ஷூஃபா அறிக்கை, முந்தைய வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்று அந்த வீட்டுக்காரர் தரும் கடிதம்.

ஷூஃபா என்பது கடன் நாணயத்தைக் கணிக்கும் நிறுவனம். புதிதாக வந்தவருக்கு அங்கே வரலாறே இருக்காது. அதற்காகப் பயப்பட வேண்டாம். பதிவு செய்து, வங்கிக் கணக்கு தொடங்கி, ஃபோன் ஒப்பந்தம் போட்ட பிறகு உங்கள் பெயர் அங்கே ஏறும். அதுவரை மூன்று மாத வங்கி விவரமும், நிரந்தர வேலை என்று சொல்லும் நிறுவனக் கடிதமும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். ஷூஃபாவில் உங்களைப் பற்றி இருக்கும் தரவின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதில் சொந்த விவரங்கள் ஏராளமாக இருக்கும். அது உங்கள் பார்வைக்கு மட்டும். வீட்டுக்காரருக்குக் கொடுப்பதற்கென்றே சுருக்கமான கட்டண அறிக்கை தனியாக உண்டு.

சம்பளம் இன்னும் தொடங்காதவர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியில் வருமானம் உள்ள ஒருவர் உங்களுக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடலாம். அது அவருக்குப் பெரிய சுமை, தெரிந்தவராயிற்றே என்று இலேசாகக் கேட்டுவிடக் கூடாது.

பாஸ்போர்ட் நகலை எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். வீடு பார்க்கும் கட்டத்தில் அடையாளத்தைக் காட்டினால் போதும். மதம், பிள்ளை பெறும் திட்டம், கட்சி போன்ற கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம், வேலை, எத்தனை பேர் குடியேறுவீர்கள் என்பவற்றுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

விளம்பரத்தைப் படிப்பது

இம்மோஸ்கவுட்24, இம்மோவெல்ட், கிளைன்அன்சைகன், பங்கு வீடுகளுக்கு வேகே-கெஸூக்ட் ஆகியவை எல்லாரும் பார்க்கும் தளங்கள். அங்கே மட்டும் நின்றுவிடாதீர்கள். நகராட்சிக்குச் சொந்தமான வீட்டு நிறுவனங்கள் பல ஊர்களில் உண்டு. பெர்லினில் டெகேவோ, ஹோவோகே, கேவோபாக், ஹாம்பர்க்கில் ஸாகா, ஃபிராங்ஃபர்ட்டில் ஆபேகே போன்றவை. இவற்றின் வாடகை பெரும்பாலும் தனியார் வாடகையைவிடக் குறைவு. கூட்டுறவு வீட்டுச் சங்கங்களிலும் பெயர் கொடுத்து வையுங்கள். உடனே கிடைக்காது, ஆனால் உறுப்பினராகிக் காத்திருந்து வீடு பெற்றவர்கள் அதைவிட்டு எளிதில் கிளம்புவதில்லை.

விளம்பரத்தில் இரண்டு அறை வீடு என்றால் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும். சமையலறையும் குளியலறையும் அந்தக் கணக்கில் சேராது. கால்ட்மீட்டே என்பது வெறும் வீட்டு வாடகை. தண்ணீர், குப்பை, படிக்கட்டுச் சுத்தம், சொத்து வரி போன்றவை நேபன்கோஸ்டன். இதோடு பெரும்பாலும் வெப்பமூட்டும் செலவும் சேர்ந்து வருவது வார்ம்மீட்டே. வெப்பச் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் உங்கள் தனிக் கணக்கு. வார்ம்மீட்டே உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா என்று பல வீட்டுக்காரர்கள் கணக்குப் பார்ப்பார்கள்.

ஏபேகா (EBK) என்ற மூன்றெழுத்து இருந்தால் சமையலறை அமைத்திருக்கிறார்கள் என்று பொருள். இல்லாவிட்டால் சமையலறை என்ற பெயரில் நான்கு சுவரும் தண்ணீர்க் குழாயும் மட்டும் இருக்கலாம். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் நீங்கள் வாங்க வேண்டும். கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு மூன்று கம்பிகள் தொங்கும். போன குடித்தனக்காரர் தன் சமையலறையை உங்களுக்கு விற்க முன்வந்தால், பொருளின் வயதைக் கேட்டுப் பேரம் பேசுங்கள். வீடு கிடைக்க வேண்டுமே என்ற தவிப்பில் பழைய அலமாரிக்குப் புது விலை கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

எழுதுவது, பார்ப்பது

விளம்பரம் வந்த முதல் மணி நேரத்துக்குள் எழுதினால் வாய்ப்பு அதிகம். செய்தி சுருக்கமாக, ஜெர்மன் மொழியில் இருக்கட்டும். நீங்கள் யார், என்ன வேலை, நிரந்தரமா, எத்தனை பேர், எப்போது குடியேற முடியும், காகிதங்கள் தயார் என்ற ஐந்தாறு வரி போதும். விளம்பரத்திலிருந்து ஒரு விவரத்தைத் தொட்டு எழுதினால், எல்லாருக்கும் அனுப்பிய ஒரே கடிதம் அல்ல என்பது தெரியும்.

வீடு பார்க்கப் போகும்போது நேரத்துக்குப் போங்கள். ஐந்து நிமிடத் தாமதம் கூட இங்கே குறையாகத் தெரியும். உங்களோடு இருபது முப்பது பேர் படிக்கட்டில் வரிசையாக நிற்கலாம், மனம் தளர வேண்டாம். உள்ளே போனதும் சுவர் மூலைகளையும் ஜன்னல் ஓரங்களையும் பாருங்கள். கறுப்புப் புள்ளியோ, ஓரிடத்தில் மட்டும் புது வெள்ளையோ இருந்தால் பூஞ்சை வந்த இடமாக இருக்கலாம். கட்டடத்தின் எரிசக்திச் சான்றை வீடு பார்க்கும் நேரத்திலாவது காட்ட வேண்டும் என்பது சட்டம். ஏ பிளஸ் முதல் எச் வரை தரம் இருக்கும். எஃப், ஜி, எச் என்றால் குளிர்காலச் செலவு கனமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பச் செலவு போன வருடம் எவ்வளவு வந்தது என்று இப்போது இருப்பவரிடமே கேட்டுவிடுங்கள். அவரைவிட நம்பகமான ஆள் கிடையாது.

2015 ஜூன் முதல், புரோக்கரை அமர்த்தியவர்தான் அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அமர்த்திய புரோக்கருக்கு நீங்கள் ஒரு சென்ட் கூடத் தர வேண்டியதில்லை. வீட்டைக் காட்டுவதற்கு மட்டும் காசு கேட்டாலும் அப்படித்தான்.

பெயரைப் பார்த்தே பதில் போடாதவர்கள் இருக்கிறார்கள். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இன அடிப்படையில் வீடு மறுப்பதை 2006-இல் வந்த சமநடத்தைச் சட்டம் தடை செய்கிறது. ஒரே விளம்பரத்துக்கு உங்கள் பெயரில் "போய்விட்டது" என்றும், ஜெர்மன் பெயருள்ள நண்பருக்கு "வந்து பாருங்கள்" என்றும் பதில் வந்தால் இரண்டையும் தேதியோடு சேமித்து வையுங்கள். உரிமை கோர இரண்டு மாதம்தான் அவகாசம். அரசின் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை சொல்லும். உங்கள் மதிப்பை அந்த மறுப்புகளை வைத்து அளந்துகொள்ளாதீர்கள். விண்ணப்பத்தைத் தொடர்ந்து அனுப்புங்கள்.

மோசடி

"நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணத்தை அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்" என்று வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். நகரின் நடுவில் பளபளக்கும் வீடு, பாதி வாடகை, பார்க்க வர முடியாது: இந்த மூன்றும் சேர்ந்தால் வீடே இல்லை. வீட்டைப் பார்க்காமலும் ஒப்பந்தம் கையெழுத்தாகாமலும் பணம் கொடுக்கவே கூடாது.

ஒப்பந்தம்

இங்கே அவசரம் கூடாது. வீட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் போட்ட கையெழுத்தை, மனம் மாறிவிட்டது என்று திரும்பப் பெற முடியாது. ஒப்பந்தத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஜெர்மன் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து வரிவரியாகப் படியுங்கள். மீட்டர்ஃபெரைன் எனப்படும் குடியிருப்போர் சங்கம் எல்லாப் பெரிய ஊரிலும் உண்டு. வருடச் சந்தா கட்டி உறுப்பினரானால் அங்குள்ள வழக்கறிஞர்கள் ஆலோசனை சொல்வார்கள். புதிதாக வந்தவர் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளதை நான் பார்த்ததில்லை.

முன்பணத்துக்கு கவுட்சியோன் என்று பெயர். அது மூன்று மாதக் கால்ட்மீட்டேவுக்கு மேல் போகக் கூடாது. உதாரணமாக, கால்ட்மீட்டே 800 யூரோ, நேபன்கோஸ்டன் 200 யூரோ என்றால் மாதம் 1,000 யூரோ கட்டுவீர்கள். முன்பணத்தை 800-ஐ வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அதிகபட்சம் 2,400 யூரோ. அதையும் மூன்று சம தவணையாக, முதல் தவணை குடித்தனம் தொடங்கும்போது, மற்ற இரண்டும் அடுத்தடுத்த வாடகையோடு கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. முழுத் தொகையும் ஒரே நாளில் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் வட்டி வரும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

நேபன்கோஸ்டனாக மாதாமாதம் கட்டுவது ஒரு முன்தொகைதான். வருடக் கணக்கு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வீட்டுக்காரர் விவரமான பில் தர வேண்டும். குறைவாகக் கட்டியிருந்தால் மீதியைக் கேட்பார், கூடுதலாகக் கட்டியிருந்தால் திரும்ப வரும். பன்னிரண்டு மாதம் தாண்டி வந்த பில்லுக்கு மீதித்தொகை கேட்கப் பொதுவாக அவருக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் வார்ம்மீட்டே குறைவாகத் தெரிய வேண்டும் என்று சிலர் இந்த முன்தொகையைக் குறைத்துப் போடுவார்கள். அடுத்த வருடம் பெரிய பில் வந்து நிற்கும்.

அப்புறம் வாடகை ஏற்றம். ஷ்டாஃபல்மீட்டே என்றால் எந்த வருடம் எவ்வளவு கூடும் என்று இப்போதே தொகை எழுதியிருக்கும். இன்டெக்ஸ்மீட்டே என்றால் விலைவாசிக் குறியீட்டோடு ஏறும். இரண்டும் இல்லாத சாதாரண ஒப்பந்தத்தில் மூன்று வருடத்தில் அதிகபட்சம் 20 சதவீதம், வீட்டுத் தட்டுப்பாடு உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஊர்களில் 15 சதவீதம் வரைதான் ஏற்றலாம். அதுவும் அந்த வட்டாரத்தில் இதே மாதிரி வீடுகளுக்கு வழக்கமாக உள்ள வாடகை அளவைத் தாண்டக் கூடாது. இதே போன்ற தட்டுப்பாட்டு ஊர்களில் புது ஒப்பந்த வாடகைக்கும் உச்சவரம்பு உண்டு. வட்டார அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. 2014 அக்டோபருக்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய புதுக் கட்டடங்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. வரம்பை மீறியிருந்தால் குடியேறிய பிறகும் கேள்வி எழுப்பலாம். சங்கம் அதற்கு உதவும்.

நீங்கள் காலி செய்ய மூன்று மாத அறிவிப்பு போதும். வீட்டுக்காரர் காரணம் இல்லாமல் உங்களை அனுப்ப முடியாது. ஆனால் க்யூண்டிகுங்ஸ்ஃபெர்ட்ஸிக்ட் (Kündigungsverzicht) என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், குறிப்பிட்ட காலம் வரை காலி செய்ய மாட்டேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்வதாகப் பொருள். அது நான்கு வருடம் வரைகூடச் செல்லும். வேலை எப்போது ஊர் மாறும் என்று தெரியாதவர்கள் இந்த வாசகத்துக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

சாவி வாங்கும் நாள்

அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டின் நிலையை எழுதும் ஊபர்காபேபுரோட்டோகோல் என்ற படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். தரையில் கீறல், உடைந்த ஓடு, இறுகிய ஜன்னல் கைப்பிடி, குழாயடியில் சுண்ணாம்புக் கறை, எதையும் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். எழுதாத கீறல் நாளைக்கு உங்கள் கீறலாகிவிடும். ஒவ்வொன்றையும் ஃபோட்டோ எடுங்கள். மின்சார மீட்டரின் எண்ணும் அளவும், தண்ணீர் மீட்டர், வெப்பமூட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிறிய வெள்ளைப் பெட்டியில் காட்டும் அளவு, எத்தனை சாவி கொடுத்தார்கள் என்பது எல்லாம் படிவத்தில் ஏற வேண்டும். வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் கடிதத்தையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

அடுத்து, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயர். இதை அன்றே செய்யுங்கள். இங்கே முகவரியில் ஃபிளாட் எண் பெரும்பாலும் இருக்காது. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால் வரி எண்ணும் வங்கி அட்டையும் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். நிரந்தரப் பலகை வரும்வரை, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதிய ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினால் போதும்.

மின்சாரத்துக்குக் குடியேறும் முன்பே ஒரு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். ஒன்றும் செய்யாவிட்டால் அந்த வட்டாரத்தின் அடிப்படை விநியோக நிறுவனத்தில் தானாகச் சேர்ந்துவிடுவீர்கள். இருட்டில் இருக்க மாட்டீர்கள், ஆனால் விலை பெரும்பாலும் அதிகம். இரண்டு வார அறிவிப்பில் அதிலிருந்து மாறலாம். ஒலிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதமும் வரும். டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். பங்கு வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கட்டினால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போடுங்கள்.

ஹாஃப்ட்ஃப்ளிக்ட் எனப்படும் பொறுப்புக் காப்பீடு கட்டாயமில்லை, இருந்தும் எடுங்கள். கட்டடம் முழுவதற்கும் பொதுவான சாவியைத் தொலைத்தால் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். சாவி தொலைவதையும் அந்தக் காப்பீடு ஏற்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

குடியிருக்கும்போது

குளிர்காலத்தில் ஜன்னலை இறுக மூடிக்கொண்டு சமைத்து, குளித்து, துணி உலர்த்தினால் சுவரில் பூஞ்சை வரும். ஜன்னலை இலேசாகச் சாய்த்து நாள் முழுக்க விடுவதும் தவறு, சுவர்தான் குளிர்ந்துபோகும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து பத்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடுங்கள். வெப்பமூட்டி கெட்டால், தண்ணீர் ஒழுகினால், உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ஃபோனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. குறை நீடித்தால் வாடகையைக் குறைத்துக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். தவறாகக் கணக்கிட்டால் அது வாடகை பாக்கியாக மாறும். சங்கத்தைக் கேட்டுச் செய்யுங்கள். இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் துளை போடுவது, ஆணி அடிப்பது வேண்டாம்.

காலி செய்யும்போது

அறிவிப்புக் கடிதம் காகிதத்தில், உங்கள் கையெழுத்தோடு போக வேண்டும். மின்னஞ்சல் செல்லாது. மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் அவர் கைக்குக் கிடைத்தால்தான் அந்த மாதம் கணக்கில் சேரும். ஒரு நாள் தவறினால் ஒரு மாத வாடகை கூடுதல். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது சாட்சியோடு நேரில் கொடுங்கள்.

வெள்ளையடித்துத் தர வேண்டுமா என்பதில்தான் சண்டை அதிகம் வரும். நீங்கள் குடியேறியபோது வீடு வெள்ளையடிக்காமல் இருந்து, அதற்கு ஈடாக வீட்டுக்காரர் எதுவும் தரவில்லை என்றால், வெள்ளையடிக்கும் பொறுப்பை உங்கள் மேல் சுமத்தும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று 2015-இல் உச்ச சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முதல் நாள் எடுத்த ஃபோட்டோக்கள் இங்கேதான் பேசும்.

முன்பணம் அடுத்த நாளே வராது. கணக்குப் பார்க்க வீட்டுக்காரர் சில மாதம் எடுத்துக்கொள்ளலாம், ஆறு மாதம் வரை போவது சாதாரணம். வராத நேபன்கோஸ்டன் பில்லுக்காக ஒரு பகுதியை இன்னும் கொஞ்சம் நாள் நிறுத்தி வைக்கவும் செய்யலாம். அதைக் காரணம் காட்டி முழுத் தொகையையும் பிடித்து வைக்க முடியாது. கடைசி மூன்று மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. புது முகவரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சாவி கொடுக்கும் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஜெர்மனிக்குள் வேறு வீட்டுக்குப் போனால் புது முகவரியைப் பதிவு செய்தாலே பழையது தானாக நீங்கிவிடும். நாட்டைவிட்டே கிளம்பினால் மட்டும் ஆப்மெல்டுங் எனப்படும் பதிவு நீக்கம் செய்ய வேண்டும், அதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே செய்யலாம்.